ஸ்டோர் வாசலில் சிக்காத விட்ஜெட் செய்வது எப்படி: பெங்களூருப் பஞ்சாங்கம் ஓர் உதாரணம்

தினசரி காலண்டரில் வெள்ளிக்கிழமை என்றால் ராகு காலம் 10.30–12 என்று அச்சாகியிருக்கும். காலை 6 மணிக்கு உதயம், மாலை 6 மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. உண்மையான உதயத்தை எடுத்துக்கொண்டால் ஊருக்கு ஊர் மாறும். சென்னை 80.27 பாகை தீர்க்கரேகையில் இருக்கிறது, பெங்களூரு 77.59-ல். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால், இங்கே சூரியன் சுமார் 11 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. அல்சூரிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஊர்க் கணக்கோடு போன் முகப்பில் ஒரு பஞ்சாங்க விட்ஜெட் (ஆப்பைத் திறக்காமலே தகவல் காட்டும் சின்னப் பெட்டி) இருந்தால் பயன்படும்.

இதை உதாரணமாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. இந்த விட்ஜெட்டுக்கு நெட் வேண்டாம், சர்வர் வேண்டாம், லொகேஷன் அனுமதிகூட வேண்டாம். ஆப்பிளும் கூகுளும் விட்ஜெட்டுக்குப் போட்டிருக்கும் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை அடிக்கடி புதுப்பிப்பது, பின்னணியில் ஓடுவது, தகவல் சேகரிப்பது ஆகிய மூன்றைச் சுற்றியே நிற்கின்றன. மூன்றும் தேவைப்படாதபடி வடிவமைத்துவிட்டால் ஸ்டோரிடம் கெஞ்ச வேண்டிய இடங்கள் வெகுவாகக் குறையும். டெவலப்பரின் சுதந்திரம் பெரும்பாலும் முதல் வரி கோடு எழுதும் முன்பே தீர்மானமாகிறது.

ஆனாலும் எழுதப்படாத விதிகள் உண்டு, அதை மறக்கக் கூடாது. 2014-ல் ஐஓஎஸ் 8 வந்தபோது நோட்டிஃபிகேஷன் சென்டரில் விட்ஜெட் வைக்க முதன்முறையாக வழி திறந்தது. பிகால்க் என்ற கால்குலேட்டர் ஆப்பை ஆப்பிளே தன் ஸ்டோரில் சிறப்பித்துக் காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில், விட்ஜெட்டில் கணக்குப் போடக் கூடாது, எடுத்துவிடுங்கள் என்று அதன் டெவலப்பர் ஜேம்ஸ் தாம்சனுக்குச் சொன்னது. செய்தி பரவியதும் முடிவை மாற்றிக்கொண்டது. லாஞ்சர் என்ற இன்னோர் ஆப், அனுமதி பெற்ற சில நாட்களிலேயே நீக்கப்பட்டு 2015 மார்ச்சில்தான் திரும்ப வந்தது. இரண்டிலும் டெவலப்பர் மீறியதாகச் சொல்லத் தெளிவான உட்பிரிவு எதுவும் எழுத்தில் இல்லை. அதனால் முதல் முடிவு இதுதான்: விட்ஜெட்டை எடுத்துவிட்டாலும் ஆப் தன் காலில் நிற்க வேண்டும். நாள் பக்கம், மாதப் பக்கம், ஊர்த் தேர்வு, அமைப்புகள் எல்லாம் முதன்மை ஆப்பில் முழுமையாக இருக்கட்டும்.

கணக்கைத் தனியாக எழுதுங்கள்

தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, நேர மண்டலம் ஆகிய நான்கையும் வாங்கிக்கொண்டு, அன்றைய மாற்றங்களின் பட்டியலைத் திருப்பித் தரும் ஒரே ஃபங்ஷன் போதும். ஆப்பிள் நூலகமோ ஆண்ட்ராய்டு நூலகமோ அதற்குள் நுழையக் கூடாது. நாளைக்கு வேறு ஸ்டோருக்கோ வேறு தளத்துக்கோ போக நேர்ந்தால் உங்களோடு வருவது இந்தத் துண்டுதான்.

ராகு காலத்துக்குப் பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும். திங்கள் 2-ஆம் பங்கு, சனி 3, வெள்ளி 4, புதன் 5, வியாழன் 6, செவ்வாய் 7, ஞாயிறு 8. உதயம் 6.12, அஸ்தமனம் 6.36 என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் 744 நிமிடம், ஒரு பங்கு 93 நிமிடம். வெள்ளிக்கிழமைக்கு மூன்று பங்கு கழிந்து 10.51-க்குத் தொடங்கி 12.24-க்கு முடியும். காலண்டரின் 10.30-லிருந்து 21 நிமிட வித்தியாசம்.

திதிக்குச் சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையிலான கோணம் ஒவ்வொரு 12 பாகை தாண்டும் நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பலர் கிரக நிலைகளைக் கணக்கிடும் ஸ்விஸ் எஃபெமெரிஸ் நூலகத்தை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அதன் உரிமத்தைப் படித்துவிட்டு ஒட்டுங்கள்: ஒன்று ஏஜிபிஎல் (உங்கள் கோடையும் திறந்து வெளியிடக் கோரும் உரிமம்), இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கும் வணிக உரிமம். ஜிபிஎல் வகை உரிமங்களுக்கும் ஆப் ஸ்டோர் நிபந்தனைகளுக்கும் ஒத்துவராது. 2011 ஜனவரியில் விஎல்சி பிளேயர் ஆப் ஸ்டோரிலிருந்து இறங்கியது இந்தச் சிக்கலால்தான். தளர்வான எம்ஐடி உரிமத்தில் கிடைக்கும் அஸ்ட்ரானமி எஞ்சின் நூலகம் இங்கே போதும். அதன் துல்லியம் ஒரு ஆர்க்மினிட் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவில் இருக்கிறது. சந்திரன் சூரியனைவிட நாளுக்குச் சுமார் 12.2 பாகை முந்துவதால், திதி முடியும் நேரத்தில் ஏறத்தாழ 2 நிமிடப் பிழை வரலாம். காட்டும்போது நிமிடத்தோடு நிறுத்துங்கள், விநாடி வேண்டாம்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள்: வாக்கியமா (பழைய சூத்திரங்களின் வழிக் கணக்கு), திருக்கணிதமா (வானில் உள்ள உண்மை நிலையை ஒட்டிய கணக்கு)? இரண்டுக்கும் திதி முடிவு மணிக்கணக்கில் வேறுபடும் நாட்கள் உண்டு. மேலே சொன்ன வழி தருவது திருக்கணிதம். அதை ஆப்பின் விளக்கத்திலும் அமைப்புகளிலும் வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாவிட்டால், வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் தவறான ஆப் என்று ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கும்.

ஐபோனில்

2020-ல் ஐஓஎஸ் 14-ஓடு வந்த விட்ஜெட்கிட்தான் இப்போதைய வழி. திரையை வடிவமைக்க ஆப்பிளின் ஸ்விஃப்ட்யூஐ மட்டுமே செல்லும். ஸ்க்ரோல் கிடையாது, வீடியோ கிடையாது. உங்கள் கோடு தொடர்ந்து ஓடாது. இன்ன நேரத்தில் இன்ன காட்சி என்று ஒரு டைம்லைனை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், சிஸ்டம் அதை வரிசையாகக் காட்டும். அடிக்கடி பார்க்கப்படும் விட்ஜெட்டுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 70 ரீஃப்ரெஷ் என்று ஆப்பிள் சொல்கிறது, அதாவது 15 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை.

பஞ்சாங்கத்துக்கு இந்தப் பட்ஜெட் தாராளம். நள்ளிரவு, உதயம், ராகு காலம் தொடக்கம், முடிவு, எமகண்டம் தொடக்கம், முடிவு, குளிகை தொடக்கம், முடிவு, திதி மாற்றம், நட்சத்திர மாற்றம். நாளுக்குப் பத்து என்ட்ரி, அதாவது காட்சி மாறும் பத்துத் தருணம். மூன்று நாளுக்கு முப்பதையும் ஒரே டைம்லைனில் கொடுத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி கேள் என்று பாலிசி வையுங்கள். போன் நாள் முழுக்க ஃபிளைட் மோடில் கிடந்தாலும் விட்ஜெட் சரியாகவே காட்டும். என்ட்ரிகளுக்கு நடுவே ஐந்து நிமிடமாவது இருக்கட்டும். திதி மாற்றம் ராகு காலத் தொடக்கத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் வந்தால் இரண்டையும் ஒரே என்ட்ரியில் சேர்த்துவிடுங்கள். “இன்னும் 40 நிமிடம்” என்று ஓடும் எண் வேண்டுமென்றால் அதற்கு என்ட்ரி போடாதீர்கள். தேதியைக் கொடுத்தால் தானே எண்ணிக்கொள்ளும் டைமர் வகை டெக்ஸ்ட் இருக்கிறது, அதற்குப் பட்ஜெட் செலவாகாது.

பலரை ஏமாற்றும் இடம், ஆப்பிளின் ஆப் உருவாக்கும் கருவியான எக்ஸ்கோடு. எக்ஸ்கோடிலிருந்து ஓட்டும்போது அந்த ரீஃப்ரெஷ் வரம்பு பொருந்தாது. நிமிடத்துக்கு ஒருமுறை ரீலோடு கேட்கும் விட்ஜெட் டெவலப்பர் மேஜையில் அருமையாக ஓடும், பயனர் கையில் மதியத்துக்குள் உறைந்துவிடும். டெஸ்ட்ஃபிளைட்டில் (ஆப்பிளின் சோதனை விநியோக வழி) போட்டு, கேபிளைக் கழற்றி, முழுதாக இரண்டு நாள் பாருங்கள்.

வெள்ளையாக, காலியாக வரும் விட்ஜெட்டுக்கு முதல் சந்தேகம் மெமரி. விட்ஜெட் ஓடும் தனிப் பகுதியான எக்ஸ்டென்ஷனுக்குக் கிடைப்பது சுமார் 30 எம்பி. முருகன் படம் ஒன்றை 3000 × 4000 பிக்சலில் அப்படியே ஏற்றினால், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி ஆகும், சிஸ்டம் அங்கேயே நிறுத்திவிடும். கோப்பு 600 கேபி ஜேபெக்தானே என்று நினைப்பார்கள், விரித்த பிறகான அளவுதான் கணக்கு. சின்ன விட்ஜெட் பல போன்களில் 158 பாயின்ட் சதுரம், மூன்று மடங்கு திரையில் 474 பிக்சல். அந்த அளவுக்குப் படத்தைச் சுருக்கியே பேக்கேஜில் வையுங்கள், ஒரு எம்பிகூட எடுக்காது.

எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் சென்னையே காட்டுகிறதா? ஆப், விட்ஜெட் எக்ஸ்டென்ஷன் இரண்டு டார்கெட்டிலும் ஒரே ஆப் குரூப்பை (இரண்டும் தகவலைப் பகிரும் பொது இடம்) டிக் செய்தீர்களா என்று பாருங்கள். ஒன்றில் விட்டுப்போனால் எரர் எதுவும் வராது, விட்ஜெட் தன் டிஃபால்ட் ஊரையே படித்துக்கொண்டிருக்கும். ஐஓஎஸ் 17-லிருந்து பின்னணியைக் கன்டெய்னர் பேக்ரவுண்டு வழியாகச் சொல்லாவிட்டால் உங்கள் விட்ஜெட் இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஏபிஐயைப் பயன்படுத்தச் சொல்லும் வாசகம்தான் வரும். ஐஓஎஸ் 18-ல் பயனர் முகப்புக்கு ஒரே சாயம் பூசும் டின்ட்டைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் நிறங்கள் போய்விடும். ராகு காலத்தைச் சிவப்பால் மட்டும் காட்டியிருந்தால் அந்தத் தகவலே மறைந்துவிடும், ஆகவே எழுத்தாலும் காட்டுங்கள்.

ஊரைப் பயனரே விட்ஜெட் எடிட் திரையில் தேர்ந்தெடுக்கட்டும். பெங்களூரு, சென்னை, மதுரை, கோவை என்று ஒரு பட்டியல் போதும். லொகேஷன் கேட்கவில்லை, எதையும் எங்கும் அனுப்பவில்லை என்றால் தனியுரிமை லேபிளில் தகவல் சேகரிப்பு இல்லை என்று நேர்மையாகப் போடலாம். ஆப்பிளின் ரிவ்யூவில் (ஸ்டோரில் ஏற்கும் முன் நடக்கும் பரிசோதனை) கேள்வி எழும் ஒரு பெரிய வாசலே இதோடு மூடிவிடுகிறது.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. “சதுர்த்தசி”, “திருவாதிரை” போன்றவை சின்ன விட்ஜெட்டில் ஒரே வரியில் அடங்காது. எழுத்து 0.7 மடங்கு வரை சுருங்க அனுமதியுங்கள், அதற்குக் கீழே வேண்டாம், பெரியவர்களால் படிக்க முடியாது.

விதி எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

ஆப்பிளின் வழிகாட்டியில் விட்ஜெட்டைத் தொடும் உட்பிரிவுகள் சிலதான். 2.5.16: விட்ஜெட் ஆப்பின் உள்ளடக்கத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். 2.5.18: விட்ஜெட்டிலும் எக்ஸ்டென்ஷனிலும் விளம்பரம் கூடாது. 4.4: எக்ஸ்டென்ஷனுக்குள் விளம்பரமோ, விற்பனைப் பேச்சோ, இன்-ஆப் பர்ச்சேஸோ கூடாது. 4.2: ஆப்பில் போதுமான செயல்பாடு இருக்க வேண்டும். ஆக, காசு கட்டினால்தான் நட்சத்திரம் தெரியும் என்று வைக்க விரும்பினால் விட்ஜெட்டில் “வாங்குங்கள்” என்ற பட்டன் வைக்காதீர்கள். இலவசக் காட்சியை முழுமையாகக் காட்டுங்கள், தட்டினால் ஆப்பின் நாள் பக்கம் திறக்கட்டும், விலை விவரம் அங்கே இருக்கட்டும்.

பஞ்சாங்கத்துக்கு உண்மையான கண்ணி 4.3. ஸ்டோரில் ஏற்கெனவே நிரம்பி வழியும் வகைகளில் ஜோசிய ஆப்களையும் அந்த உட்பிரிவு பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது, தனித்தன்மை இல்லாவிட்டால் ஏற்க மாட்டோம் என்கிறது. ராகு காலம் என்றால் என்ன என்று தெரியாத ஒருவர் உங்கள் ஆப்பைப் பார்ப்பார். ராசிபலனை முதல் பதிப்பில் சேர்க்காதீர்கள். ரிவ்யூவருக்கான குறிப்பில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதுங்கள்: இது தமிழ் நாட்காட்டி, சூரிய சந்திர நிலையை வைத்துப் போனிலேயே கணக்கிடுகிறது, ஊருக்கு ஏற்ப மாறுகிறது, எதிர்காலப் பலன் எதுவும் சொல்வதில்லை. விட்ஜெட்டைச் சேர்த்து ஊரை மாற்றும் 30 விநாடி ஸ்கிரீன் ரெக்கார்டிங்கையும் இணையுங்கள்.

ரிஜெக்ட் ஆனால் கோபத்தில் உடனே அம்சத்தை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் அந்தத் தவறான புரிதலே உங்கள் ஆப்பின் வரலாறாகிவிடும். பதிலில் மூன்று விஷயம் இருக்கட்டும்: அவர்கள் சொன்ன உட்பிரிவின் எண், விட்ஜெட்டில் தெரிவது முதன்மை ஆப்பின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்கான ஸ்கிரீன்ஷாட், மீறுவதாகக் கருதும் வாசகத்தைச் சுட்டிக்காட்டும்படி ஒரு கேள்வி. சரிவராவிட்டால் ஆப் ரிவ்யூ போர்டுக்கு அப்பீல் உண்டு. ஒரு சமர்ப்பிப்புக்கு ஒரு அப்பீல்தான், ஆதாரம் எல்லாம் சேர்ந்த பிறகு அனுப்புங்கள். விதியே தவறு என்று முறையிடவும் 2020 முதல் இடமிருக்கிறது. அதே ஆண்டு வந்த இன்னொரு மாற்றமும் பயன்படும்: ஏற்கெனவே ஸ்டோரில் இருக்கும் ஆப்பின் பிழைத்திருத்தங்களைச் சட்டச் சிக்கல் இல்லாத விதிமீறல்களுக்காக நிறுத்திவைக்க மாட்டோம் என்று ஆப்பிள் அறிவித்திருக்கிறது. அவசரத் திருத்தம் மாட்டிக்கொண்டால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

ஐபோனில் ஸ்டோருக்கு வெளியே போக இந்தியாவில் வழி மிகக் குறுகியது. 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 திறந்துவிட்ட மாற்று ஸ்டோர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தால் வந்தவை, இந்தியாவுக்கு அவை இல்லை. நமக்கு இருப்பது ஆண்டுக்கு 99 டாலர் கட்டிய கணக்கில் டெஸ்ட்ஃபிளைட்: வெளியாட்கள் 10,000 பேர், ஒரு பில்டுக்கு 90 நாள். இன்னொரு நல்ல வழி ஸ்க்ரிப்டபிள் என்ற ஆப். ஜாவாஸ்க்ரிப்ட்டில் எழுதிய கோப்பைப் பயனர் அதில் போட்டால் முகப்பில் விட்ஜெட்டாக வரும். அஸ்ட்ரானமி எஞ்சினுக்கு ஜாவாஸ்க்ரிப்ட் வடிவமும் இருப்பதால், உங்கள் கணக்கை அங்கே கொண்டுபோவது ஒரு வார இறுதி வேலைதான். டெவலப்பர் கணக்கே இல்லாத கல்லூரி மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஆண்ட்ராய்டில்

இங்கே தொல்லை வேறு வகை. விட்ஜெட் உங்கள் ஆப்பில் ஓடுவதில்லை, ரிமோட்வியூஸ் என்ற வழியாக, போன் முகப்பைக் காட்டும் லாஞ்சர் ஆப்புக்குள் வரையப்படுகிறது. அனுமதிக்கப்பட்ட சில வியூக்கள் (திரை உறுப்புகள்)தான் செல்லும். கன்ஸ்ட்ரெயின்ட்லேஅவுட்டோ சொந்த வியூவோ போட்டால் விட்ஜெட்டை ஏற்ற முடியவில்லை என்ற பெட்டிதான் தெரியும். கூகுளின் நூலகமான ஜெட்பேக் கிளான்ஸில் எழுதினாலும் அடியில் இருப்பது அதே ரிமோட்வியூஸ்தான், வரம்பும் அதேதான். அனுப்பும் பிட்மேப்களுக்கு மொத்த வரம்பு திரையின் பிக்சல்கள் × 4 பைட் × 1.5. 1080 × 2400 திரைக்குச் சுமார் 15.5 எம்பி. சொந்தத் தமிழ் எழுத்துரு வேண்டுமென்றால் பிட்மேப்பில் எழுதித்தான் அனுப்ப வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வாசிக்க விளக்க உரையை மறக்காமல் கொடுங்கள். போனின் சொந்த எழுத்துருவே நல்லது. எழுத்தின் மேல் கீழ் இடைவெளியை மட்டும் வெட்டிவிடாதீர்கள், “கீ”, “மூ” போன்றவற்றின் குறிகள் அறுபட்டுத் தெரியும்.

புதுப்பிக்கும் இடைவெளி குறைந்தது 30 நிமிடம், பின்னணி வேலைகளை ஓட்டும் வொர்க்மேனேஜரில் 15. ராகு காலம் 10.51-க்குத் தொடங்குகிறது என்பதால் சரியாக 10.51-க்கு எழுப்ப எக்ஸாக்ட் அலாரம் அனுமதியைத் தேடிப் போவார்கள். ஆண்ட்ராய்டு 14-ல் புதிதாக நிறுவும் ஆப்புக்கு அது தானாகக் கிடைக்காது. கேட்காமலே கிடைக்கும் இன்னொரு வகை, அலாரத்தையோ நாட்காட்டி நினைவூட்டலையோ மையமாகக் கொண்ட ஆப்களுக்கு மட்டும் என்று பிளே ஸ்டோர் வைத்திருக்கிறது. விட்ஜெட்டுக்காக அதைக் கோரினால் திரும்பி வரும்.

சண்டை போடத் தேவையில்லை, வாசகத்தை மாற்றுங்கள். “இப்போது ராகு காலம்” என்று எழுதினால் விட்ஜெட் பத்து நிமிடம் தாமதமானாலே பொய் சொல்லும். “ராகு 10.51–12.24” என்று எழுதினால் எவ்வளவு தாமதமானாலும் அது உண்மைதான். அதே காரணத்துக்காக, மேலே தெரியும் தேதியைத் தானாக நகரும் கடிகார வியூவில் காட்டாதீர்கள். தேதி மட்டும் புதிதாகவும் திதி நேற்றையதாகவும் நிற்கும். தேதியும் திதியும் ஒரே கணக்கிலிருந்து வரட்டும், பழசாகிப் போனால் பார்ப்பவருக்கே தெரிந்துவிடும்.

ரீபூட் ஆனால் அலாரங்கள் அழிந்துவிடும், பூட் முடிந்த அறிவிப்பில் மறுபடி பதியுங்கள். சில கம்பெனி போன்களில் ஆட்டோஸ்டார்ட் மூடியிருந்தால் அந்த அறிவிப்பே வராது. பேட்டரி விலக்கு கேட்கும் அனுமதிக்கும் பிளே ஸ்டோரில் கெடுபிடி உண்டு. ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் விட்ஜெட்டைப் புதுப்பித்துவிடுங்கள், உதவிப் பக்கத்தில் ஒவ்வொரு பிராண்டுக்கும் அமைப்பு எங்கே என்று படத்தோடு காட்டுங்கள். சோதிக்கப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய போன்கள் இரண்டு, வெவ்வேறு பிராண்டில் வாங்கிக்கொள்ளுங்கள். எமுலேட்டரில் இந்தப் பிரச்சினை தலைகாட்டாது.

சாவி யாரிடம்?

பிளே கணக்குக்கு ஒருமுறை 25 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் குளோஸ்டு டெஸ்ட்டில் (அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பார்க்கும் சோதனை) இருக்க வேண்டும். நடுவில் யாராவது விலகினால் கணக்கு கெடும், 20 பேராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்சூரில் பெங்களூருத் தமிழ்ச் சங்கம் பக்கம் போனால் பஞ்சாங்கத்துக்கு ஆர்வமுள்ள ஆட்கள் கிடைப்பது கஷ்டமில்லை. காசு வாங்கும் தனிநபர் கணக்கில் உங்கள் முழு முகவரியும் பிளே ஸ்டோரில் பொதுவில் தெரியும் என்பதையும் அறிந்து தொடங்குங்கள். ஐடி வேலையில் இருப்பவர்கள், ஓய்வு நேரத்தில் எழுதியது யாருக்குச் சொந்தம் என்று வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கணக்குத் திறக்கும் முன் படித்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது சைனிங் கீ, அதாவது ஆப் உங்களுடையதுதான் என்று கையெழுத்திடும் டிஜிட்டல் சாவி. புது ஆப் ஏற்றும்போது பிளே ஸ்டோரே கீ உருவாக்கித் தருகிறேன் என்று சொல்லும், பலர் அடுத்து அடுத்து என்று அழுத்திவிடுகிறார்கள். அந்தக் கீ உங்கள் கைக்கு வராது. பிறகு வேறு ஸ்டோரில் உங்கள் கீயால் கையெழுத்திட்ட ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு) போட்டால் இரண்டும் வேறு ஆப் என்று போன் நினைக்கும், ஒன்றின் மேல் ஒன்று அப்டேட் ஆகாது. அந்தத் திரையில் நின்று, சொந்தமாக உருவாக்கிய கீயை ஏற்றும் வழியைத் தேர்ந்தெடுங்கள். கீயின் நகல் இரண்டு பென்டிரைவில், கடவுச்சொல் தாளில், வேறு வேறு இடத்தில்.

இது வீண் எச்சரிக்கை இல்லை. 2024 மார்ச் 1-ஆம் தேதி, கட்டணத் தகராறில் கூகுள் இந்திய ஆப்கள் பலவற்றை பிளே ஸ்டோரிலிருந்து இறக்கியது. சென்னையின் பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. அரசு தலையிட்ட பிறகுதான் அவை திரும்பின. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடியும், பிளே பில்லிங் விவகாரத்தில் 936.44 கோடியும் அபராதம் விதித்திருந்தது. இரண்டாவது தொகையை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்தது. பெரிய நிறுவனங்களுக்கு அமைச்சரைப் பார்க்க வழியிருக்கிறது, தனி ஆளுக்கு அந்த வழி இல்லை. கீ கையில் இருந்தால் அன்று மாலையே வேறு இடத்தில் அதே ஆப்பைத் தொடர முடியும்.

வேறு இடம் என்றால், பெங்களூரின் போன்பே 2024 பிப்ரவரியில் தொடங்கிய இண்டஸ் ஆப்ஸ்டோர் ஒன்று. தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளில் வருகிறது, எந்தப் பேமென்ட் கேட்வேயையும் வைத்துக்கொள்ளலாம். கோடு திறந்த மூலமாக இருந்தால், அத்தகைய ஆப்களுக்கான எஃப்-டிராய்டு என்ற ஸ்டோர். அங்கே அவர்களே பில்டு செய்து தங்கள் கீயால் கையெழுத்திடுவார்கள். உங்கள் கீயே இருக்க வேண்டுமென்றால் பில்டு பைட்டுக்குப் பைட் ஒத்துவரும்படி அமைக்க வேண்டும். சொந்தத் தளத்தில் ஏபிகே வைப்பது மூன்றாவது வழி. ஆனால் 2025 ஆகஸ்ட்டில் கூகுள் அறிவித்தபடி, 2026 செப்டம்பரிலிருந்து பிரேசில், இந்தோனேஷியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில், அடையாளத்தைப் பதிந்த டெவலப்பரின் ஆப் மட்டுமே சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் ஏறும். 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரியும். எதிர்ப்பு எழுந்த பிறகு மாணவர்களுக்குத் தனிக் கணக்கும், அபாயம் தெரிந்தவர்களுக்கு வேறு நிறுவல் வழியும் தருவதாகக் கூகுள் சொல்லியிருக்கிறது. பேக்கேஜ் பெயரை இப்போதே உங்கள் கணக்கில் பதிந்து வையுங்கள்.

வெளியிடும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஏபிகே சொந்தத் தளத்தில், பிறகு இண்டஸ், குளோஸ்டு டெஸ்ட் முடிந்ததும் பிளே, கடைசியாக ஆப் ஸ்டோர். முதல் இரண்டில் வரும் குறைகளைத் திருத்தி முடிப்பதற்குள் பிளேயின் 14 நாளும் ஓடிவிடும். நான்கிலும் பதிப்பு எண் ஒன்றாகவே இருக்க வேண்டும், அப்போதுதான் புகார் வரும்போது எந்தப் பில்டு என்று தேட வேண்டியிருக்காது.